கடல் வாசல்கள் 17: காவல் பாறையில் ஏறிக் காட்சி பார்த்தல்

சென்ற வாரம் பினாங்கில் நின்றிருந்தோம். அங்கே ஹொக்கியன் பேசும் சீனக் குடும்பத்துப் பெரியவர்களிடம், "உங்கள் பாட்டனார் எந்த ஊரில் கப்பல் ஏறினார்?" என்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பெயர், அமோய். இந்த வாரம் அந்த ஊருக்குப் போகிறோம்.

இன்றைய வரைபடத்தில் அமோயைத் தேடினால் கிடைக்காது. சியாமென் என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான். எழுதுகிற சீன எழுத்துகள்கூட ஒன்றுதான். தெற்கு ஃபூஜியன்காரர்கள் தங்கள் வாய்மொழியில் சொன்னதைக் கேட்டு ஐரோப்பிய மாலுமிகள் 'அமோய்' என்று எழுதிக்கொண்டார்கள். பீஜிங் உச்சரிப்பில் அது சியாமென். 'மென்' என்றால் வாசல். ஆரம்பத்தில் 'கீழ்வாசல்' என்ற பொருளில் எழுதப்பட்ட பெயர், பிறகு அதே ஓசை தரும் வேறோர் எழுத்தை மாற்றிப் போட்டதில் 'மாளிகை வாசல்' ஆயிற்று. நம் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது.

சீனாவின் அழகான நகரங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் சியாமென் அதில் இருக்கும். ஜூலோங் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தீவு. சாலையோரம் காகிதப்பூ. கோடையில் தீப்பிடித்தாற்போல் பூக்கும் குல்மோகர் மரங்கள். காகிதப்பூ நகரத்தின் மலர், குல்மோகர் நகரத்தின் மரம் என்று அரசே அறிவித்திருக்கிறது. பழைய நகரத்துக்கு எதிரே, குறுகிய நீர்ப்பரப்பைத் தாண்டி, 1.88 சதுர கிலோமீட்டரில் குலாங்யூ என்று ஒரு குட்டித் தீவு. அங்கே கார் கிடையாது, மோட்டார் சைக்கிளும் கிடையாது. கல் படிகளும், ஆலமரங்களும், செங்கல் மாளிகைகளும்தான்.

இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "இங்கிருந்து பார்த்தால் கடல் அழகாகத் தெரியும்" என்று உங்களை எங்கே நிறுத்தினாலும், அதே இடத்தில் ஒரு காலத்தில் வேறொருவன் நின்றிருப்பான். அவன் பார்த்ததும் இதே கடலைத்தான். ஆனால் அவன் தேடியது எதிரியின் பாயை.

அப்பன் பணிந்தான், மகன் பணியவில்லை

அப்படி முதலில் நின்றவர்கள் மிங் வம்சத்துச் சிப்பாய்கள். ஜப்பானியக் கடற்கொள்ளையர் என்று பொதுப்பெயர் வாங்கிய கூட்டங்கள் தென்கிழக்குக் கரையைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. முதல் மிங் பேரரசர் ஹோங்வு கரை நெடுகக் கோட்டைகள் கட்டச் சொன்னார். 1387-ல் இந்தத் தீவிலும் ஒன்று எழுந்தது. சியாமென் என்ற ஊரின் வயதை அந்தக் கோட்டையிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். சந்தையோ கோயிலோ வளர்ந்து நகரமான கதை இங்கே இல்லை. காவல் வந்தது, அதன் நிழலில் ஊர் வந்தது.

இரண்டரை நூற்றாண்டு கழித்து வந்தவர்தான் இந்த ஊரின் கதாநாயகர். குலாங்யூவின் கடலோரப் பாறைமீது கவசமும் போர்வையுமாக நிற்கிறாரே, 15.7 மீட்டர் உயரக் கருங்கல் சிலை, அவர். செங் செங்கோங் என்பது பெயர். ஐரோப்பியர் வாயில் 'கோசிங்கா'.

பிறந்தது 1624-ல், ஜப்பானின் ஹிராடோவில். தாய் ஜப்பானியப் பெண். தந்தை செங் சிலோங், வணிகரா கொள்ளையரா என்று பிரித்துச் சொல்ல முடியாத கடல் பிரபு. 1644-ல் பீஜிங் மிங் வம்சத்தின் கையைவிட்டுப் போயிற்று. மஞ்சூரியாவிலிருந்து வந்த சிங் வம்சத்தார் தெற்கே இறங்கினார்கள். தந்தை காற்றடிக்கும் திசை பார்த்துப் புதிய அரசுக்குப் பணிந்தார். மகன் மறுத்தார். சியாமெனையும் பக்கத்துத் தீவான கின்மெனையும் தளமாக்கிக்கொண்டு, கப்பல்களுக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் படை வளர்த்தார். 1655-ல் ஊரின் பெயரையே மாற்றினார்: சிமிங். 'மிங்கை நினை' என்று அர்த்தம். சிங் வம்சமும் போய், மாவோவும் வந்து போய், இன்றைக்கும் சியாமெனின் மையப் பகுதிக்குச் 'சிமிங் மாவட்டம்' என்றுதான் பெயர். பேருந்துப் பலகையில் ஒரு கலகக்காரரின் சபதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

குலாங்யூவின் உச்சி, சூரிய ஒளிப் பாறை. உயரம் 92.7 மீட்டர். கடைசிக் கட்டத்துக்கு இரும்புப் படி. மேலே ஏறியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். ஏறும் வழியிலேயே கோசிங்காவின் பாசறை வாசல் எஞ்சியிருக்கிறது. அவர் கப்பற்படைக்குப் பயிற்சி கொடுத்தபோது மேற்பார்வை பார்த்த இடம் என்று காட்டும் மேடையும் இங்கேதான்.

1661-ல் கோசிங்கா நூற்றுக்கணக்கான கப்பல்களோடு கின்மெனிலிருந்து புறப்பட்டுத் தைவானில் இறங்கினார். அங்கே டச்சுக்காரர்களின் சீலாண்டியாக் கோட்டையை ஒன்பது மாதம் முற்றுகையிட்டார். 1662 பிப்ரவரியில் டச்சு ஆளுநர் கோயட் சரணடைந்தார். நான்கே மாதத்தில், 37 வயதில், கோசிங்கா இறந்துபோனார்.

அவரைக் கடலில் வெல்ல முடியாத சிங் அரசு, கரையில் கைவைத்தது. அவருக்கு அரிசியும் ஆளும் கரையிலிருந்துதானே போகிறது? கரையையே காலி செய்துவிட்டால்? 1661-லிருந்து தென்கிழக்குக் கடற்கரை மக்கள் பதினைந்து, இருபது கிலோமீட்டர் உள்ளே விரட்டப்பட்டார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன, படகுகள் நொறுக்கப்பட்டன. எல்லைக் கல்லைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் தலை போகும். மீனவர் வாழ்வு நாசமானது. 1683-ல் தைவானை வென்று இந்தப் போரை முடித்துவைத்தவர் ஷி லாங் என்ற தளபதி. அவர் ஒரு காலத்தில் கோசிங்காவின் படையில் இருந்தவர் என்பதுதான் வேடிக்கை.

இன்றைக்கு கோசிங்காவுக்குச் சொந்தம் கொண்டாட மூன்று நாடுகள். ஐரோப்பியனை விரட்டியவர் என்கிறது பீஜிங். தைவானில் அவருக்குக் கோயில் உண்டு. தாய் வழியில் எங்கள் பிள்ளை என்கிறது ஜப்பான்.

இலையின் பெயர்

1684-ல் சிங் அரசு கடல் தடையைத் தளர்த்தியது. சியாமெனில் சுங்கச் சாவடி வந்தது. மணிலாவுக்கும் படேவியாவுக்கும் மரக்கலங்கள் பாய் விரித்தன. பட்டு, பீங்கான் என்று ஏற்றிய சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்து மறந்தும் போயிற்று. ஒரு சொல் மட்டும் உலகத்தின் வாயில் தங்கிவிட்டது.

சீனாவின் பெரும்பகுதியில் தேயிலைக்குப் பெயர் 'சா'. தரை வழியாகப் பயணம் செய்த 'சா' பாரசீகத்தில் சாய் ஆகி, இந்தியில் சாய் ஆகி, கேரளத்திலும் நம் குமரி மாவட்டத்திலும் சாயா ஆயிற்று. அமோய் வட்டாரத்து ஹொக்கியனில் அதே எழுத்தை 'தே' என்று வாசிப்பார்கள். இந்தக் கடற்கரை வணிகர்களிடம் டச்சுக்காரர்கள் சரக்கோடு பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். அது ஐரோப்பா முழுக்கப் பரவி, கடல் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது நாம் கூடவே ஓர் 'இலை'யைச் சேர்த்துத் தேயிலை என்றோம். 'நீர்' சேர்த்துத் தேநீர் என்றோம். தேநீர் கேட்கிறவர் வாயில் வருவது அமோய். சாயா கேட்கிறவர் வாயில் வருவது தரைவழி.

பம்பாய்த் தேக்கு, அமோய்க் கருங்கல்

1757-ல் ஐரோப்பியருடனான வணிகத்தை சிங் அரசு கான்டன் துறைமுகத்தோடு சுருக்கிக்கொண்டது. மூடிய வாசலைத் திறக்க பிரிட்டிஷார் கண்டுபிடித்த சாவி, இந்தியாவில் விளைந்த அபின். அபின் வேண்டாம் என்று சீனா தடுத்தபோது போர் வந்தது.

அமோய்க்காரர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். தீவின் தெற்குக் கரையில் கடலைப் பார்த்து நீளமாக ஒரு கருங்கல் மதில் எழுப்பி, வரிசையாகப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். 1841 ஆகஸ்ட் 26 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தன. மதிலுக்கு எதிரே நங்கூரம் இட்ட பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு, வெல்லெஸ்லியும் பிளென்ஹைமும். வெல்லெஸ்லி பம்பாய்க் கப்பல் தளத்தில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1815-ல் நீரில் இறக்கப்பட்டது.

மணிக்கணக்கில் சுட்டும் மதில் அசையவில்லை. பிற்பாடு போய்ப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகளே அந்தக் கட்டுமானத்தைக் கண்டு வியந்திருக்கிறார்கள். ஆனால் மதில் கடலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெனரல் காஃபின் தரைப்படை ஒரு பக்கமாகக் கரையேறி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் உள்ளே நுழைந்தது. வாசலில் பெரிய பூட்டுப் போட்டிருந்தார்கள், திருடன் கொல்லைப்புறமாக வந்தான். அந்த நாளோடு சண்டை முடிந்தது.

இந்தப் போரில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர் இந்தச் சீனப் போரில் பணியாற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் கான்டன் அருகே சன்யுவான்லி கிராமத்தில், கொட்டும் மழையில், திரண்டு வந்த விவசாயிகளிடம் சிக்கிக்கொண்டது மதராஸ் 37-ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு. மழையில் மருந்து நனைந்து துப்பாக்கி சுடவில்லை. சீனப் பள்ளிப் புத்தகங்களில் அந்தக் கிராமத்து எழுச்சி வீர வரலாறு. எதிரே நின்ற சம்பளச் சிப்பாய் எந்த ஊர்க்காரன் என்பது அதில் பெரிதாக வராது.

1842 ஆகஸ்ட் 29-ல் நான்ஜிங் உடன்படிக்கை. திறந்துவிடப்பட்ட ஐந்து துறைமுகங்களில் அமோய் ஒன்று.

கசப்பு உழைப்பு

திறந்த வாசல் வழியாக உள்ளே அபின் வந்தது. வெளியே மனிதர்கள் போனார்கள்.

1845-ல் அமோயிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் ரீயூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனது. 1847-ல் கியூபாவுக்கு. 1848-ல் நிம்ரோட் என்ற கப்பல் சிட்னிக்கு சுமார் 120 பேரை ஏற்றிப்போனது. அதில் இருபது சொச்சம் பேர் சிறுவர்கள். தரகர்கள் கிராமங்களுக்குப் போய் ஆசை காட்டி, ஏமாற்றி, சில சமயம் தூக்கிக்கொண்டே வந்து, கப்பல் வரும்வரை கொட்டடிகளில் அடைத்தார்கள். ஊர் இதற்கு வைத்த பெயர் 'பன்றிக்குட்டி விற்பது'. 1852 நவம்பரில் பொறுமை உடைந்தது. தரகன் ஒருவன் பிடிபட்டதில் தொடங்கிய கலகம் ஊர் முழுக்கப் பரவியது. பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் சுட்டதில் பொதுமக்கள் பலர் செத்தார்கள்.

இப்படிப் போனவர்களுக்குச் சீன மொழியில் 'குலி' என்று பெயர். எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு அர்த்தம்: கசப்பு, பலம். அதாவது கசப்பான உழைப்பு. உண்மையில் அது சீனச் சொல்லே இல்லை. வெளியிலிருந்து வந்த ஓசைக்கு யாரோ ஒரு புத்திசாலி பொருத்தமான எழுத்துகளைத் தேடிப் பொருத்தியிருக்கிறார். அந்த ஓசையின் மூலம் குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயர் என்பது ஒரு கட்சி. தமிழ்க் 'கூலி' என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவனும் அமோயில் கப்பல் ஏறியவனும் பினாங்குத் துறையில் இறங்கியபோது இருவருக்கும் ஒரே பெயர் காத்திருந்தது என்பதில் மட்டும் வழக்கு இல்லை.

போனவர்களில் ஒரு சிலர் சம்பாதித்தார்கள். தலைமுறை கடந்து திரும்பி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததை நாக்கிலேயே பார்க்கலாம். சியாமெனில் தெருவுக்குத் தெரு 'ஷாச்சா' நூடுல்ஸ் கடை. கண்ணாடித் தட்டுகளில் கணவாய், டோஃபு, ஈரல், இறால் என்று வைத்திருப்பார்கள். வேண்டியதை விரலால் காட்டினால், கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து நூடுல்ஸ்மேல் போட்டு, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குழம்பை ஊற்றித் தருவார்கள். வேர்க்கடலை, மிளகாய், காய்ந்த இறால், பூண்டு. ஒரு வாய் எடுத்ததும் மலாயா தெரிந்துவிடும். 'ஷாச்சா' என்பதே மலாய் 'சாத்தே'தான். இலையின் பெயரைக் கடலுக்கு அனுப்பிய ஊர், குழம்பின் பெயரைக் கடலிலிருந்து வாங்கிக்கொண்டது.

பியானோவும் மாளிகையும்

குலாங்யூவில் கால் வைப்பவர்கள் "அடடா, குட்டி ஐரோப்பா" என்பார்கள். பாதி சரி. 1841-லேயே பிரிட்டிஷார் இங்கே ஒரு காவல்படையை விட்டுவைத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாதிரியார் ஏபீல் வந்தார். தூதரகங்கள் வந்தன, தேவாலயங்கள் வந்தன, பள்ளிக்கூடங்களோடு பியானோவும் வந்தது. 1903-லிருந்து இது அதிகாரபூர்வமான சர்வதேசக் குடியிருப்பு. வெளிநாட்டவர் ஆதிக்கத்தில் ஒரு நகராட்சி மன்றம், தெருவில் சீக்கியப் போலீஸ். 1941 டிசம்பரில் ஜப்பான் கைப்பற்றும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஆனால் இன்று படம் பிடிக்கப்படும் பெரிய மாளிகைகளில் மிகப் பலவற்றைக் கட்டியவர்கள் ஐரோப்பியர் கிடையாது. மலாயா, பிலிப்பைன்ஸ், ஜாவாவில் சம்பாதித்துத் திரும்பிய இதே மண்ணின் பிள்ளைகள். 1920, 30-களில் அவர்கள் சொந்த ஊரில் வீடு கட்ட அஞ்சினார்கள். உள்நாட்டில் போர்ப் பிரபுக்களின் காலம், கொள்ளை பயம். குலாங்யூவில் பாதுகாப்பு இருந்தது. மேற்கத்தியத் தூண், சீனச் செங்கல், தென்கடல் வராந்தா எல்லாம் கலந்த அந்தப் பாணியை 'அமோய் டெக்கோ' என்கிறார்கள். கடல் கடந்த காசில் எழுந்த காரைக்குடி வீடுகளைப் பார்த்தவருக்கு இந்த மாளிகைகள் அந்நியமாகத் தெரியாது. 2017-ல் யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

திரும்பி வந்த பணத்தில் வீடு கட்டாமல் வேறொன்று கட்டியவர் டான் கா கீ. 1874-ல் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஜிமெய்யில் பிறந்து, 16 வயதில் சிங்கப்பூர் போனவர். அன்னாசிப் பழ டப்பாவிலும் ரப்பரிலும் கோடீஸ்வரரானார். ஜிமெய்யில் பள்ளிகளைக் கட்டினார். 1921-ல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கோசிங்கா தன் படைக்குப் பயிற்சி கொடுத்த மைதானம். கட்டடங்களுக்கு உடல் மேற்கத்தியம், கூரை சீனம். "கோட்டு சூட்டுப் போட்டு, தலையில் மூங்கில் தொப்பி" என்று உள்ளூரில் கிண்டலாகச் சொல்வார்கள். 1930-களின் மந்தத்தில் அவர் தொழில் நொடித்தது. அப்போதும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் நிற்கவில்லை. வீடுகளை விற்றுக் கொடுத்தார். இனி முடியாது என்ற நிலையில், 1937-ல் அதை அரசிடம் ஒப்படைத்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள்

தீவின் தென்கிழக்கே வட்டச் சாலை. கடலை ஒட்டியே போகும். மாரத்தான் ஓடுவார்கள், புதுமணத் தம்பதிகள் படம் எடுப்பார்கள். எதிரே மங்கலாகத் தெரியும் தீவுகள் கின்மெனைச் சேர்ந்தவை. கோசிங்கா ஒரே கையில் வைத்திருந்த இரண்டு தீவுகளும் இன்று இரண்டு அரசுகளின் கையில் இருக்கின்றன: சியாமென் சீனாவிடம், கின்மென் தைவானிடம்.

1949 அக்டோபர் 17-ல் கம்யூனிஸ்ட் படை சியாமெனைப் பிடித்தது. ஒரு வாரம் கழித்து, 24-ஆம் தேதி இரவில், மீன்பிடிப் படகுகளில் கின்மெனுக்குப் படை அனுப்பியது. கடலின் ஏற்றவற்றம் காலை வாரியது. நீர் வடிந்து படகுகள் தரைதட்டின. இரண்டாம் அணியை ஏற்றிவரப் படகு இல்லை. மூன்று நாளில் இறங்கியவர்கள் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அன்று நின்ற கோடு அப்படியே நிற்கிறது.

1958 ஆகஸ்ட் 23 மாலை சியாமென் பக்கத்துப் பீரங்கிகள் கின்மென்மீது முழங்கத் தொடங்கின. 44 நாட்களில் நாலே முக்கால் லட்சத்துக்கு நெருக்கமான குண்டுகள். பிறகு உலகின் போர் வரலாற்றிலேயே விசித்திரமான ஒரு வழக்கம் ஏற்பட்டது: ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவது, இரட்டைப்படைத் தேதிகளில் ஓய்வு. சரக்கு இறக்குவதோ வயலுக்குப் போவதோ அந்த இடைவெளியில். பிற்காலத்தில் குண்டுகளுக்குள் வெடிமருந்துக்குப் பதில் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. உறை மட்டும் அதே எஃகு. கின்மென் கொல்லர்கள் அதைப் பொறுக்கி, அறுத்து, காய்ச்சி, சமையலறைக் கத்தி அடித்தார்கள். நல்ல கத்தி என்று பேர் வாங்கி இன்றும் விற்பனையாகிறது.

அமெரிக்காவும் சீனாவும் உறவு கொண்ட 1979 ஜனவரி 1 அன்று பீரங்கி ஓய்ந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், சியாமெனின் ஹூலி பகுதியில் 2.5 சதுர கிலோமீட்டர் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. 1984-ல் அது தீவு முழுதுக்கும் விரிந்தது. 2001-லிருந்து கின்மெனுக்குப் படகு விட்டார்கள். குண்டு போன வழியில் இப்போது கத்தி வாங்கப் போகும் பயணிகள் போகிறார்கள்.

தெற்குக் கரையில் ஹூலிஷான் கோட்டை. 1890-களில் கட்டியது. ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் வாங்கிய 28 சென்டிமீட்டர் வாய் கொண்ட பீரங்கி இன்னும் கடலைப் பார்த்தபடியே இருக்கிறது. அதன் குழாய்மேல் குழந்தையை உட்காரவைத்து அப்பா படம் எடுக்கிறார். கின்மெனைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். சிப்பாய் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்ததை, நாம் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறோம்.

அருங்காட்சியகத்தில் ஒரு கல்

ஊரைவிட்டுக் கிளம்புமுன் டான் கா கீயின் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு நடை போக வேண்டும். மானுடவியல் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. 1953-ல் தொடங்கியது. அங்கே பாதுகாக்கப்படும் கற்களில் ஒன்றில், சீன எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்குத் திடீரென்று சித்திரை என்ற சொல் அகப்படும். தமிழேதான். கடைசி வரி மட்டும் சீனம்.

சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் ஆணையோடு, அவர் உடல்நலம் வேண்டி, திருக்கதலீஸ்வரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. சியாமெனில் கோட்டை எழுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கரையில் ஒரு தமிழர் சீனத்தை ஆண்ட அரசருக்காகச் சிவனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கல் சியாமென் கல் இல்லை. 1956-ல் கண்டெடுக்கப்பட்டது இங்கிருந்து வடகிழக்கே உள்ள சுவான்சோவில். மார்க்கோ போலோ வியந்த துறைமுகம் அது. அரபிகள் ஜெய்த்தூன் என்ற ஊர். அங்கே மசூதி இருந்தது, மானிக்கேய மதக் கோயில் இருந்தது, நம்மூர்ச் சிற்பங்களோடு சிவன் கோயிலும் இருந்தது. இந்தத் தீவில் நாம் பார்த்த வாசல்கள் எல்லாம் காவலுக்குக் கட்டியவை. சுவான்சோவின் வாசல் வருகிறவனை வரவேற்கக் கட்டியது. அது எப்படித் திறந்திருந்தது, யார் காலத்தில் மூடியது?

அடுத்த வாரம் சுவான்சோ.

(தொடரும்)